கூரைக்கு மேலே இருந்த கூடு: கிராண்ட் கேன்யன் மீள்காய்ச்சல், 1973

உண்ணி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாட்டின் மடியிலும் நாயின் காது மடலிலும் உப்பிப்போய்த் தொங்கும் சாம்பல் நிற உருண்டைதான். சின்ன வயதில் அதைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடாதவர்கள் கிராமத்தில் குறைவு. அது கண்ணில் படும், கைக்குச் சிக்கும், நாள்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் கெட்டியான ஓடு உள்ள உண்ணி அது. அதே குடும்பத்தில் ஓடில்லாத இன்னொரு கிளை உண்டு. தோல் பழைய செருப்புத் தோல் மாதிரி சுருங்கியிருக்கும். மென்னுண்ணி என்று வைத்துக்கொள்வோம். அது ஒட்டிக்கொண்டு தொங்காது. நடு இரவில் வந்து, குடித்துவிட்டு, விடிவதற்குள் சுவரிடுக்குக்குத் திரும்பிவிடும். பழக்கத்தில் உண்ணியைவிட மூட்டைப்பூச்சிக்குத்தான் நெருக்கம். இதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துச் சொல்வது அமெரிக்காவில் 1973 கோடையில் நடந்த ஒரு நிகழ்வை.

இடம், அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கு விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வடக்கு விளிம்பின் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம், ஊட்டியைவிடச் சற்று அதிகம். சுற்றிலும் பைனும் ஃபர் மரமும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் தங்கும் விடுதி திறந்திருந்தது. 1920-களின் கடைசியில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கட்டிய லாட்ஜும், அதையொட்டி முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில்களும் அந்தக் காட்டுக்குள் இருந்தன. கோடைக்கு அப்படியொரு குடிலில் இரண்டு இரவு தங்குவது அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பெரிய ஆசை.

அந்தக் கோடையில் அங்கே தங்கிய விருந்தினர்களுக்கும், வேலை பார்த்தவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கணக்கெடுத்து முடித்தபோது 62 பேர். அதில் 16 பேருக்கு ஆய்வுக்கூடச் சோதனையில் உறுதியானது, மற்றவர்களை அறிகுறிகளையும் தங்கிய விவரத்தையும் வைத்துச் சேர்த்தார்கள். உண்ணி பரப்பும் மீள்காய்ச்சல் மேற்கு அரைக்கோளத்தில் அதுவரை இத்தனை பேருக்கு ஒரே இடத்திலிருந்து வந்ததாகப் பதிவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் விசாரித்ததில் இரண்டு விஷயங்கள் மட்டும் நோயோடு அழுத்தமாக ஒட்டி வந்தன. ஒன்று, மரக்குடிலில் இரவு தூங்கியது. இன்னொன்று, 'என்னவென்று தெரியாத பூச்சி' கடித்தது.

அந்த 'என்னவென்று தெரியாத' என்ற சொல்லில்தான் இந்த நோயின் தந்திரம் முழுவதும் இருக்கிறது.

காய்ச்சல் வீட்டுக்குப் போன பிறகு

கடிபட்டதிலிருந்து காய்ச்சல் வர சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். சிலருக்கு இரண்டு வாரத்தையும் தாண்டும். வடக்கு விளிம்பில் விருந்தினர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் தங்குவதில்லை. ஓரிரு நாள் இருந்துவிட்டுக் காரில் ஏறி வேறு வேறு மாநிலங்களில் உள்ள தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் குடும்ப மருத்துவரிடம் தனித்தனியாக நின்றார்கள். ஒரு டாக்டருக்கு ஒரே ஒரு நோயாளி. அவருக்கு அது ஒரு கோடைக் காய்ச்சல், அவ்வளவுதான். இன்னொரு மாநிலத்தில் இதே காய்ச்சலோடு இன்னொருவர் படுத்திருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 62 பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் அந்த ஊரே அலறியிருக்கும். சிதறிப் போனதால் நோயும் சிதறிப் போய்விட்டது. சுற்றுலாத் தலங்களில் தொற்றும் நோய்கள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லை இது.

சரி, காய்ச்சல் எப்படி இருக்கும்? திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் நடுங்குவார். 39, 40 டிகிரி செல்சியஸ் என்று ஏறும். தலைவலி, தசைவலி, மூட்டுவலி, குமட்டல். மூன்று நாள் போல அடித்துப் போடும். அதன் முடிவில் உடம்பு உதறும், சூடு உச்சத்துக்குப் போகும், 41 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. அப்புறம் வியர்வை ஆறாய்ப் பெருகி, சூடு சட்டென்று இறங்கும். நோயாளி களைத்துப்போய்த் தூங்கி எழுந்தால் காய்ச்சல் இருக்காது. பசிக்கும். தேறிவிட்டோம் என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் போல ஒன்றும் இருக்காது. பிறகு அதே காய்ச்சல் திரும்பவும். மருந்து கொடுக்காவிட்டால் இந்தச் சுற்று பல தடவை நடக்கும். மீள்காய்ச்சல் என்ற பெயர் இதனால்தான்.

மலேரியாவும் விட்டு விட்டு வருகிற காய்ச்சல்தானே என்று கேட்கலாம். மலேரியாவில் இடைவெளி ஒன்றிரண்டு நாள். இங்கே இடைவெளி ஒரு வாரம். அதனால்தான் நோயாளியே முதல் காய்ச்சலையும் இரண்டாவது காய்ச்சலையும் முடிச்சுப் போடுவதில்லை. 'போன வாரம் ஒரு ஜுரம், இந்த வாரம் ஒரு ஜுரம்' என்று இரண்டாக எண்ணிக்கொள்கிறார்.

திரும்பி வருவதற்குக் காரணம் பொரீலியா ஹெர்ம்சி என்ற பாக்டீரியா. மெல்லிய திருகாணி போல் நெளிந்த உடம்பு. அதன் மேற்பரப்பில் ஒரு புரதச் சட்டை இருக்கிறது. நம் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்துத் தாக்குகிறது. ரத்தத்தில் உள்ள கிருமிகள் கூட்டமாகச் சாகின்றன, காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் சில கிருமிகள் அதற்குள் வேறு சட்டை மாற்றிக்கொண்டிருக்கும். தேடி வரும் எதிர்ப்புப் புரதத்துக்கு அவை தெரியாது. அவை பெருகி ரத்தத்தை நிறைக்க ஒரு வாரம் ஆகிறது. அதுதான் அந்த இடைவெளி. ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கி எலிகளில் வளர்த்துப் பார்த்தபோது 24 வகைச் சட்டைகள் கிடைத்தன என்று 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனை சட்டைக்கான மரபணுப் பிரதிகளையும் அந்தத் துளி உயிர் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு ரத்தத் துளி ஒன்று போதும், எடுக்கும் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். காய்ச்சல் ஏறியிருக்கும்போது எடுத்து, கண்ணாடிச் சில்லில் தீட்டி, சாயமேற்றிப் பார்த்தால் சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதா நிற நூல்கள் சுருண்டு கிடப்பது தெரியும். காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்த நூல்களை முதலில் பார்த்தவர் பெர்லினில் ஓட்டோ ஓபர்மையர், 1868-இல். இந்தியாவிலும் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பஞ்ச காலத்தில், 1877-இல், பம்பாயில் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் அதே மாதிரிச் சுருள்களைப் பார்த்தார். அது பேன் பரப்பிய மீள்காய்ச்சல், உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கருவி அதே நுண்ணோக்கிதான். இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் ரத்த அணுக்களை எந்திரம் எண்ணிக் கொடுத்துவிடுகிறது. எண்ணுகிற எந்திரத்துக்கு இந்த நூல் தெரியாது. சில்லைக் கண்ணால் பார்க்கும் லேப் டெக்னீஷியன் ஒருவர் இருந்தால்தான் நோய் பிடிபடும். அந்த வேலையைக் குறைத்துக்கொண்டே வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மருந்து கடினமானதில்லை. டெட்ராசைக்ளின் வகை, பெனிசிலின், எரித்ரோமைசின் எல்லாமே கேட்கும். ஆனால் முதல் வேளை மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் நோயாளியின் நிலைமை மோசமாகலாம். கிருமிகள் ஒரே நேரத்தில் செத்து உடைவதால் நடுக்கம் அதிகரிக்கும், சூடு ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும். யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று இதற்குப் பெயர். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. முதல் சில மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை கிடைத்தால் சாவு மிக அரிது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது கடுமையான நோய், வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து.

கடித்தது யார்

ஆய்வாளர்கள் குடில்களின் சுவர் இடைவெளியையும் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் உள்ள பொந்தையும் திறந்து பார்த்தார்கள். நோய் வந்தவர்கள் தங்கிய குடில்களில் கொறி விலங்குகளின் கூடுகள் இருந்தன. அந்தக் கூட்டுக் குப்பையைச் சலித்து எடுத்ததில் ஆர்னிதோடோரஸ் ஹெர்ம்சி என்ற மென்னுண்ணி கிடைத்தது, உள்ளே கிருமியோடு. 1935-இல் கலிஃபோர்னியாவில் இந்த உண்ணியை அடையாளம் காட்டியவர்களில் ஒருவரான வில்லியம் ஹெர்ம்ஸ் என்ற பூச்சியியல் பேராசிரியரின் பெயர்தான் உண்ணிக்கும், பிறகு கிருமிக்கும் வந்தது.

இந்த உண்ணியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வளர்ந்தது ஒரு துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. மணல் நிறம் கலந்த சாம்பல். மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது, வாயுறுப்பு வயிற்றுப் பக்கம் அடியில் மறைந்திருக்கும். பட்டினியாக இருக்கும்போது தட்டையாக, பலகை வெடிப்புக்குள் நுழையும் அளவுக்கு மெலிந்திருக்கும். தூங்குகிறவரின் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் தெரிந்ததும் இருட்டில் இறங்கி வரும். கடி வலிக்காது. கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வயிறு நிறைந்து உருண்டையாகி, வந்த வழியே திரும்பிவிடும். காலையில் தோலில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி இருக்கும். கொசு என்று நினைத்துச் சொறிந்துவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் தெரிந்த உண்ணி நோய் க்யாசனூர் குரங்குக் காய்ச்சல். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் தெரிய வந்தது. அதைப் பரப்புவது ஓடுள்ள காட்டு உண்ணி. காட்டுக்குப் போய் வந்ததும் உடம்பைத் தடவிப் பார், ஒட்டியிருந்தால் எடுத்துவிடு என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. மென்னுண்ணிக்கு அந்த அறிவுரை உதவாது. தடவிப் பார்க்கும்போது அது உடம்பில் இருப்பதே இல்லை. அதுமட்டுமல்ல, இந்தக் கிருமி உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தயாராகக் காத்திருக்கிறது. கடித்த ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். எடுத்துப் போட நமக்கு நேரமே கிடையாது.

இன்னொரு குணமும் உண்டு, என் கணக்கில் அதுதான் முக்கியமானது. மென்னுண்ணிக்குப் பொறுமை அதிகம். சாப்பாடு இல்லாமல் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், வயிற்றுக்குள் கிருமியும் உயிரோடு இருக்கும். இதற்கு நெருங்கிய உறவான ஆர்காஸ் பிரம்ப்டி என்ற ஆப்பிரிக்க மென்னுண்ணிகள் சிலவற்றை 1976-இல் கென்யாவிலிருந்து பெற்று வளர்த்த ஜூலியன் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க உயிரியலாளர், அவற்றின் கதையை 2022-இல் எழுதினார். சாப்பாடு போடுவதை நிறுத்திய பிறகு பெண் உண்ணிகள் எட்டு வருடம் பட்டினியாக இருந்து பிழைத்தன. மொத்தத்தில் 27 வருடம் வரை வாழ்ந்தன. எட்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் நமக்காக விழித்துக் காத்திருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்?

எலி செத்தால்

ஹெர்ம்சி உண்ணிக்கு மனிதன் சாப்பாடே இல்லை. அதன் வீடு பைன் காட்டு அணில்களின் கூடு, முதுகில் கோடு போட்ட சிப்மங்க் என்ற சிற்றணிலின் கூடு, டீர் மவுஸ் என்ற வெள்ளை வயிற்றுச் சுண்டெலியின் கூடு. சிப்மங்கைப் பார்த்தால் நம் ஊர் அணில்தான் என்று சொல்லத் தோன்றும், அத்தனை ஒற்றுமை. சுற்றுலா வந்தவர்கள் வேர்க்கடலை போட்டுக் கொஞ்சுவதும் அதைத்தான். கிருமி அந்த விலங்குகளின் ரத்தத்துக்கும் உண்ணியின் வயிற்றுக்கும் நடுவே காலம் காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காட்டு மரப்பொந்தில் இது நடந்தால் யாருக்கும் தெரியாது. நாம் காட்டுக்குள் ஒரு குடிலைக் கட்டினோம். குளிர்காலத்தில் ஆளில்லாமல் பூட்டினோம். கட்டைகளுக்கு நடுவில் இடுக்கு விட்டோம். அணிலுக்கும் எலிக்கும் அதைவிட நல்ல மரப்பொந்து கிடைக்குமா? கூடு உள்ளே வந்தது, கூட்டோடு உண்ணியும் வந்தது.

கூட்டில் எலி இருக்கும் வரை உண்ணிக்குக் கீழே இறங்கி வர அவசியமில்லை. 1973-இல் அது ஏன் இறங்கியது? ஆய்வு செய்தவர்கள் ஒரு விளக்கம் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே கொறி விலங்குகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, காட்டு விலங்குகளிடையே பரவும் பிளேக் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் பிளேக் கிருமி நிரந்தரமாகவே இருக்கிறது, அணில் கூட்டங்கள் அவ்வப்போது அதில் மடிவதுண்டு. எலிகள் செத்தால் கூடு குளிர்ந்துபோகும். மேலே பசியோடு நூற்றுக்கணக்கான உண்ணிகள், கீழே கட்டிலில் சூடான உடம்போடு ஒரு குடும்பம். மலைக்குளிருக்கு அடுப்பில் விறகு போட்டுக் குடிலைச் சூடாக்கினால் அந்தச் சூடே சுவருக்குள் முடங்கிக் கிடக்கும் உண்ணியை எழுப்பிவிடப் போதும்.

இந்த விளக்கம் சரியாக இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். எலியை மட்டும் ஒழித்தவர்களுக்கு வேறு இடங்களிலும் இதே அனுபவம்தான். வீட்டில் எலித் தொல்லை என்றதும் நம் கை முதலில் போவது மருந்துக்கும் பொறிக்கும்தான். மென்னுண்ணி குடியிருக்கும் வீட்டில் அது தலைகீழ் வேலை. எலியைக் கொன்றுவிட்டுக் கூட்டை விட்டுவைத்தால், உண்ணியை நாமே நம் கட்டிலுக்கு அழைக்கிறோம். செய்ய வேண்டியது கூட்டை எடுப்பது, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் உண்ணி மருந்து அடிப்பது, அதோடு ஓட்டைகளை ஒன்று விடாமல் அடைப்பது. கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், சுண்டெலி நுழைந்துவிடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு பென்சில் தடிமன்.

கூட்டை எடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். அரிசோனாவை ஒட்டிய அதே பகுதியில் 1993-இல் ஹான்டா வைரஸ் நுரையீரல் நோய் கிளம்பியது. அதைச் சுமந்ததும் இதே டீர் மவுஸ்தான். காய்ந்த எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியோடு வைரஸ் மூக்கில் ஏறும். கிருமிநாசினியில் நனைத்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். உண்ணிக்குப் பயந்து பெருக்கப் போய் ஹான்டா வாங்கிக்கொள்ளக் கூடாது.

1990: விட்டுப்போன குடில்கள்

1973-க்குப் பிறகு வடக்கு விளிம்பில் குடில்களை எலி புகாதபடி அடைக்கும் வேலை நடந்தது. எல்லாக் குடில்களிலும் நடக்கவில்லை. பதினேழு வருடம் கழித்து, 1990-இல், அதே வடக்கு விளிம்பில் தங்கியவர்களுக்குத் திரும்பவும் மீள்காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை ஆய்வாளர்களிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது. நோய் வந்தவர்கள் எந்தக் குடிலில் தூங்கினார்கள்? விடை தெளிவாகவே கிடைத்தது. நோய், 1973-இல் அடைக்காமல் விட்ட குடில்களோடு சேர்ந்து வந்தது.

நோய்த் தடுப்பில் 'செய்தது பலித்தது' என்று நிரூபிப்பது மிகக் கடினம். நோய் வராதபோது அது நம் வேலையால் வரவில்லையா, தானாகவே வரவில்லையா என்று சொல்ல முடியாது. இங்கே ஒரே மலை, ஒரே காடு, ஒரே கோடை, ஒரே வகைக் குடில். சிலவற்றில் ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது, சிலவற்றில் இல்லை. யாரும் திட்டமிடாமலே பரிசோதனை நடந்து முடிந்திருந்தது. அந்தப் பரிசோதனையின் விலையைக் காய்ச்சலில் கிடந்த விருந்தினர்கள் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவையே எல்லாக் குடில்களையும் அடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாதிக் கூரையைச் சரிசெய்வது பாதி நோயைத் தடுப்பதோடு முடிவதில்லை. அடைத்த குடிலில் இடம் கிடைக்காத அணில் அடுத்த குடிலுக்குப் போகும்.

இது கிராண்ட் கேன்யனுக்கு மட்டும் உள்ள தலையெழுத்து இல்லை. அதற்கு முன்பே, 1968-இல், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் பக்கம் பிரவுன் மலையில் முகாமிட்ட சாரணர் குழுவில் 42 பேரில் 11 பேர் மீள்காய்ச்சலில் படுத்தார்கள். அங்கேயும் பழைய குடில், அங்கேயும் கொறி விலங்குக் கூடு. அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஒருவர் வில்லி பர்க்டார்ஃபர். சுவிட்சர்லாந்தில் ஆப்பிரிக்க மென்னுண்ணியையும் அதன் கிருமியையும் ஆராய்ந்து பட்டம் வாங்கி, மொன்டானாவின் ராக்கி மலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். மென்னுண்ணியில் சுருள் கிருமியைத் தேடிப் பழகிய கண்கள் அவருடையவை. அதனால்தான் 1981-இல் ஓடுள்ள மான் உண்ணியின் குடலில் அதே மாதிரிச் சுருளைப் பார்த்ததும் அவருக்கு உறைத்தது. அந்த உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி அப்படித்தான் பிடிபட்டது. 2014-இல் அரிசோனாவின் கோகோனினோ மாவட்டத்தில், அதாவது வடக்கு விளிம்பு இருக்கும் அதே மாவட்டத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி முகாமுக்குப் போய்க் குடில்களில் தூங்கியவர்களில் 11 பேருக்கு மீள்காய்ச்சல் வந்தது.

உண்ணியின் பக்கத்திலிருந்து

மென்னுண்ணி நோய்களை எப்போதும் நோயாளியிலிருந்து தொடங்கிப் பார்க்கிறோம். கூட்டிலிருந்து தொடங்கிப் பார்த்தால் வெவ்வேறு கண்டத்தில் நடந்தவை ஒரே கதையாகச் சேர்கின்றன.

காங்கோவில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜோசப் எவரெட் டட்டனும் ஜான் டாடும் ஆர்னிதோடோரஸ் மொபாட்டா என்ற மென்னுண்ணிதான் அங்குள்ள 'உண்ணிக் காய்ச்சலை'ப் பரப்புகிறது என்று காட்டினார்கள். உண்ணிகளைக் குரங்குகள் மேல் விட்டு நோய் வருவதையும் பார்த்தார்கள். ஆய்வின்போது இருவருக்குமே அந்தக் காய்ச்சல் வந்தது. டாட் பிழைத்தார். டட்டன் 1905 பிப்ரவரி 27-ஆம் தேதி கசோங்கோவில் இறந்தார். பொரீலியா டட்டோனி என்ற கிருமியின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். அந்த ஆப்பிரிக்க உண்ணி ஹெர்ம்சி மாதிரி அணிலைத் தேடுவதில்லை. மண்குடிசையின் தரை வெடிப்பில் குடியிருக்கும், அதற்கு மனிதனேதான் சாப்பாடு. ஹெர்ம்சிக்கு நாம் வழி தவறி வந்த விருந்தாளி, மொபாட்டாவுக்கு நாம்தான் வீட்டுக்காரர்.

போர்ச்சுகல் கதை பன்றிகளைப் பற்றியது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு ஆப்பிரிக்காவில் காட்டுப் பன்றிகளின் வளையில் வாழும் மென்னுண்ணிகள்தான் பழைய இருப்பிடம். போர்ச்சுகலும் ஸ்பெயினும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் அந்த வைரஸ் வந்தபோது அங்குள்ள ஆர்னிதோடோரஸ் எராட்டிகஸ் உண்ணியும் அதை ஏற்றுக்கொண்டது. பன்றிகளைக் கொன்று, பண்ணைகளைக் காலி செய்து, 1990-களின் தொடக்கத்தில் நோய் ஒழிந்தது என்றார்கள். 1999-இல் போர்ச்சுகலின் அலென்டேஜோ பகுதியில் ஒரு பண்ணையில் அது மீண்டும் தலைகாட்டியது. கைவிட்ட பன்றிக்கொட்டில்களின் சுவரிடுக்கில் கிடந்த உண்ணிகளைச் சோதித்தபோது, நோய் வந்து ஐந்து வருடம் மூன்று மாதம் கழித்தும் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. பன்றியே இல்லாத கொட்டிலில் பன்றி நோய் ஐந்து வருடம் குடியிருந்திருக்கிறது.

நம் ஊரில் இதைப் பார்க்க அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. நாட்டுக்கோழி அடைக்கும் பழைய மரக்கூண்டை ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். பலகை சேரும் இடத்திலும், கோழி உட்காரும் கம்பு செருகியிருக்கும் துளையிலும் தட்டையாக, பழுப்பாக ஊர்வது கோழி உண்ணி, ஆர்காஸ் பெர்சிகஸ். இதுவும் மென்னுண்ணிதான். பகலில் கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தால் குஞ்சு உண்ணிகள் மட்டும் ஒட்டியிருக்கலாம், வளர்ந்தவை கோழி மேல் இருக்காது. அதனால் 'கோழியில் உண்ணி இல்லையே' என்று சொல்லிவிடுவோம். அது கோழிக்குத் தரும் சுருள் கிருமிக் காய்ச்சலுக்குக் காரணம் பொரீலியா ஆன்செரினா, கிராண்ட் கேன்யன் கிருமியின் ஒன்றுவிட்ட உறவு. கோழி தூங்கி வழியும், கொண்டை வெளிறும், எச்சம் பச்சையாகப் போகும், சில நாளில் விழும். செத்த கோழிகளைப் புதைத்துவிட்டு, 'கொஞ்ச நாள் கூண்டு காலியாகக் கிடக்கட்டும்' என்று ஆறு மாதம் கழித்துப் புதுக் குஞ்சுகளை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஆறு மாதம் அந்த உண்ணிக்கு ஒரு பொழுது. கூண்டின் பலகைகளைப் பிரித்து, இடுக்கு இடுக்காக மருந்தடித்து, முடிந்தால் அந்தப் பழைய மரத்தையே எரித்துவிட்டுத் தொடங்குவதுதான் வழி. கோழிக்கு ஊசி போட்டால் கோழி பிழைக்கும், கூண்டு அப்படியேதான் இருக்கும்.

வடக்கு விளிம்புக்குத் திரும்புவோம். 2025 ஜூலையில் டிராகன் பிராவோ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ அங்கே பரவியது. முதல் கட்டடம் 1932-இல் எரிந்து 1937-இல் திரும்பக் கட்டிய கிராண்ட் கேன்யன் லாட்ஜ் இரண்டாவது தடவையாக எரிந்தது. சுற்றியிருந்த குடில்களிலும் பல போயின. எரிந்தவற்றில் இருந்த கூடுகளும் உண்ணிகளும் அதோடு போயிருக்கும். காட்டில் இருப்பவை காட்டில் இருக்கின்றன. மறுபடி அங்கே கட்டைகளை அடுக்கிக் குடில் எழுப்பும் தச்சருக்கு அழகான கூரையும், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலும் வரைந்து கொடுப்பார்கள். அந்த வரைபடத்தில், உத்தரம் சுவரில் உட்காரும் இடத்திலும், குழாய் தரையைத் துளைக்கும் இடத்திலும், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்க எனக்கு ஆசை. முதல் பனி விழுந்து, விடுதியைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, சிப்மங்க் வந்து அந்தச் சுவரைச் சுற்றிப் பார்க்கும்.